கேம்ஷாஃப்டுக்கு ஒரு சிடி வேண்டும்

எஞ்சினில் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டை (சுருக்கமாகக் கேம்) மாற்றுவதுகூடப் பெரிய வேலையில்லை, அதற்கான கருவிகளைச் சேர்ப்பதற்குள்தான் போதும் போதுமென்று ஆகிவிடுகிறது. ஸ்பெஷல் டூல் பெட்டியின் விலையைப் பார்த்ததும், அந்தக் காசுக்கு இன்னொரு பழைய எஞ்சினையே வாங்கி ஓரமாகப் போட்டுவைக்கலாமே என்று தோன்றியது. அப்படி உள்ளே என்னதான் இருக்கிறது? இரண்டு பட்டை இரும்பு, ஒரு தகடு, ஒரு வட்டு. "இதெல்லாம் நாமளே செஞ்சிடலாம் மாமா" என்றான் மச்சினன். வாயால் அவன் செய்து முடிக்காத வேலையே இல்லை, ஆனால் அன்றைக்கு நிஜமாகவே கிரைண்டரோடு வந்து நின்றான்.

முதலில் கேம் புல்லியை, அதாவது கேமின் முனையில் இருக்கும் சக்கரத்தை, பிடிக்க ஒரு கருவி. இரண்டு பட்டை இரும்பை ஒரு போல்ட்டில் கோத்து, இரண்டின் முனையிலும் ஒவ்வொரு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும்படி மாட்டினால் பெரிய இடுக்கி மாதிரி ஒன்று வந்துவிடும். அந்த முனைகள் புல்லியின் துளைகளில் உட்கார, ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் நடு போல்ட்டைக் கழற்றலாம். அப்புறம் பூட்டுத் தகடு. எங்கள் எஞ்சினில் இரண்டு கேம்களின் பின் முனையிலும் இருக்கும் வெட்டுகளில் 5 மில்லிமீட்டர் தகடு நுழைய வேண்டும், அதை அரத்தால் ராவி ராவியே மச்சினனின் உற்சாகம் பாதி குறைந்தது. தகடுதான் பூட்டியிருக்கிறதே என்று அதை நம்பி புல்லி போல்ட்டைத் திருகக் கூடாது, கேமின் முனையே பிய்ந்துவிடும். அது இடம் காட்டத்தான், பலம் தாங்க இல்லை.

அடுத்தது, பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைக் கண்டுபிடிக்க டிகிரி வட்டு. 360 டிகிரியையும் காகிதத்தில் அச்சடித்து ஒரு சிடியில் ஒட்டி, அதை கிராங்க்கின் (பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் தண்டு) முனையில் மாட்டி, அளவைக் காட்ட ஒரு கம்பி முள்ளை வைக்கவேண்டும். 12 சென்டிமீட்டர் சிடியின் ஓரத்தில் ஒரு டிகிரி கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் வருகிறது, கண்ணாலேயே படித்துவிடலாம். நான் அலமாரியைக் குடையும் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஏங்க, அது நம்ம கல்யாண சிடி இல்லையே?" இல்லை என்று சொல்லிவிட்டு, ஒருமுறை திருப்பியும் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பிஸ்டன் நிறுத்திதான். பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, மிஞ்சும் இரும்புக் கூட்டில் மரை போட்டு ஒரு நீள போல்ட்டை ஏற்றி, நட்டால் இறுக்கிவிட வேண்டும். போல்ட்டின் நுனியை உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் அலுமினிய பிஸ்டனில் கோலம் போட்டுவிடும். பிஸ்டனைக் கீழே இறக்கிவிட்டு இதை பிளக் துளையில் மாட்டி, கிராங்க்கைக் கையால் மெதுவாக முட்டும்வரை திருப்பினோம், 28 டிகிரி. எதிர்ப்பக்கம் திருப்பினால் 34. கூட்டினால் 62, பாதி 31. இரண்டு பக்கமும் 31 காட்டும்படி கம்பி முள்ளை நகர்த்தினால், சுழியம்தான் பிஸ்டனின் உச்சி. போல்ட் எவ்வளவு நீளம், எவ்வளவு அசிங்கமாக வெட்டியது என்பதெல்லாம் கணக்கிலேயே வராது, இரண்டு பக்கமும் அதே போல்ட்தானே முட்டுகிறது! ஆனால் போல்ட்டை எவ்வளவு பலத்தில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் விஷயத்தில் இந்தச் சாமர்த்தியமெல்லாம் பலிக்காது. குழாயில் தராசு கட்டுகிறேன் என்று கிளம்பிய மச்சினனை அடக்கிவிட்டு, நல்லதாக ஒன்றை இரவல் வாங்கினேன்.

பழைய கேமைக் கழற்றும்போது, அதை மேலிருந்து பிடித்திருக்கும் கேப்களை முறைப்படி, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தளர்த்த வேண்டும். கீழே வால்வு ஸ்பிரிங்குகள் நெம்பிக்கொண்டிருக்கும், ஒரு பக்கம் மட்டும் விட்டால் கேம் ஒடிந்தாலும் ஒடியும். கேமுக்கும் வால்வுக்கும் நடுவிலிருந்து வெளியே வந்த 16 பக்கெட்டுகளும் (சின்னக் கிண்ணங்கள்) இடம் மாறாமல் இருக்க முட்டை அட்டையில் வரிசையாக வைத்து எண் எழுதினேன். எட்டிப்பார்த்த அம்மா கேட்டார்: "ஏன்டா, எப்போ குஞ்சு பொரிக்கும்?"

எல்லாம் பூட்டி, வால்வு இடைவெளி பார்த்து, ஸ்டார்ட் செய்தோம். புது கேமை உடனே ஐட்லிங்கில் விடக் கூடாது, 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல் 20 நிமிஷம் ஓட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் கையை ஊன்றி ஏதோ கத்தினார், எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை, நாங்களும் சிரித்துத் தலையாட்டினோம்.

அந்த புல்லி இடுக்கி இப்போது மச்சினனிடம் இருக்கிறது. முனை போல்ட்டுகளை மட்டும் மெலிதாக மாற்றி, கிரைண்டரின் வட்டு நட்டைக் கழற்றுகிறானாம். கிரைண்டரோடு வந்த சாவியைத் தொலைத்து ரொம்ப நாளாகிறது, கேட்டால் "அப்போவே நான் சொல்லல மாமா?" என்கிறான்.