சூப்பர் விசாவும் அப்பாவின் மாந்தோப்பும்

அக்கா கனடாவில், எட்மன்டனில் இருக்கிறாள். ரெண்டாவது குழந்தை செப்டம்பரில் என்று தெரிந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தன நாளைக்கு விசா கொடுப்பாங்க?" காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ஆறு மாசம் என்றுதான் சொல்வார்கள். சாதாரண விசிட்டர் விசாவுக்கு அது சரிதான். ஆனால் பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் என்றே கனடா 2011-லிருந்து சூப்பர் விசா கொடுத்து வருகிறது. 10 வருஷம் வரை செல்லும், எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம், ஒருமுறை போனால் 5 வருஷம் வரை தங்கலாம்.

அந்த 5 வருஷம்தான் அப்பாவைக் கலக்கிவிட்டது. "நான் அங்க போய் உக்காந்துட்டா தோப்ப யாரு பாக்கறது?" மார்கழி, தையில் மா பூக்கும்போது மருந்தடிக்க அவர் நிற்க வேண்டும். காய் இறங்கும்போது கூழ் தொழிற்சாலைக்காரர்களிடம் விலை பேச வேண்டும். நாங்கள் யாரும் அவரை 5 வருஷம் அங்கே வைத்திருக்க நினைக்கவில்லை. இந்த விசாவில் எனக்குப் பிடித்ததே, வேண்டும்போது ஊருக்கு வந்துவிட்டு மறுபடி போகலாம் என்பதுதான். விசிட்டர் விசாவில் அதை அதிகாரிதான் முடிவு செய்வார். ஒரே ஒரு முறை மட்டும் போக அனுமதி கொடுத்தாலும் கொடுத்துவிடுவார்.

அக்காவும் மாமாவும் வருமானத்தைக் காட்ட வேண்டும். அவர்கள் வீட்டு ஆட்களோடு அப்பா, அம்மாவையும் சேர்த்து எண்ணி, அத்தனை பேருக்கான குறைந்தபட்ச வருமானம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அழைப்புக் கடிதம், வரி மதிப்பீட்டுத் தாள் எல்லாம் அங்கிருந்து வந்துவிட்டன. இங்கே எங்களை அலைய வைத்தது அக்காவின் பிறப்புச் சான்றிதழ். பிள்ளையின் பெயர் என்ற இடம் வெறுமையாகவே இருந்தது. அந்தக் காலத்தில் பிறந்த நிறையப் பேருக்கு அப்படித்தான். பேரூராட்சியில் பெயரைப் பதிந்து வாங்கிய பிறகுதான் அவள் இவர்களின் மகள் என்பதற்குக் காகிதம் கிடைத்தது. உங்கள் வீட்டுச் சான்றிதழை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் காப்பீடு. குறைந்தது 1,00,000 கனடிய டாலருக்கு, நுழைகிற நாளிலிருந்து ஒரு வருஷமாவது செல்ல வேண்டும். வெறும் கொட்டேஷனைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள். தவணையில் கட்டலாம், ஆனால் முன்பணம் கட்டிய பாலிசியாக இருக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. அந்த நேரம் பார்த்து டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு, சில மாதங்களாவது மருந்தளவு மாறாமல் இருந்தால்தான் செலவை ஏற்போம் என்று பாலிசியில் பொடி எழுத்தில் இருந்தது. மாத்திரை மாறிய தேதியைச் சீட்டில் பார்த்து, அந்தக் காலம் முடிந்த பிறகே புறப்படுவது என்று முடிவு செய்தோம். எப்படியும் மாங்காய் சீசன் முடியும்வரை அப்பா கிளம்ப மாட்டார்.

பாலிசியில் மருத்துவமனைச் செலவோடு, சொந்த ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அடங்கியிருக்க வேண்டும். இதைப் படித்துச் சொன்னபோது அப்பா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு எதாச்சும் ஒண்ணு ஆனா இங்கயே கொண்டாந்துருவீங்கல்ல?" என்றார். நான் அந்தப் பத்தியைத் தமிழில் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். வயதானவர்களை அனுப்புகிறவர்கள் இந்தப் பேச்சைத் தள்ளிப் போடாதீர்கள். அவர்கள் மனதில் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

விசாக் கட்டணம் ஆளுக்கு 100 கனடிய டாலர், கைரேகைக்கு 85. கைரேகை, மருத்துவப் பரிசோதனை ரெண்டையும் பெங்களூரில் முடித்தோம். நமக்குச் சென்னையைவிட அதுதான் பக்கம். பரிசோதனையை கனடா அரசின் பட்டியலில் உள்ள டாக்டரிடம்தான் செய்ய வேண்டும், குடும்ப டாக்டரின் சீட்டு செல்லாது.

விசா ஆளாளுக்குத் தனித்தனி என்பது எங்களுக்குப் பெரிய உதவி. ரெண்டு பேரும் ஆகஸ்டில் போகிறார்கள். அப்பா பூப்பூக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். அம்மா குழந்தை தவழும்வரை இருக்கட்டும் என்று அக்கா கேட்டிருக்கிறாள். அம்மாவும் சரி என்றுவிட்டார். அவர் மட்டும் தனியாக விமானம் மாறி வர வேண்டியிருப்பதால், வரும்போது வீல்சேர் உதவியோடு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறேன்.