வியாழக்கிழமை மருந்து

நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பொலப் பக்கம் ஒரு தனியார் மரக்கறிப் பண்ணையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்த காலத்தில், கோவாவுக்கு (முட்டைக்கோசுக்கு) மருந்து அடிக்க ஒரே ஒரு காரணம் போதுமாக இருந்தது: அன்று வியாழக்கிழமை. புழு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. மழை கொட்டினால் வெள்ளிக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இதை விவசாயியின் அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம்புள்ளைச் சந்தைக்கோ பேலியகொடை மெனிங் சந்தைக்கோ போகிற கோவாவில் ஓட்டை இருந்தால் விலை விழும். மருந்து மிச்சம் இருந்தால் விழாது, அது கண்ணுக்குத் தெரிவதில்லையே. விதை, உரம், மருந்து எல்லாவற்றையும் கடனுக்குக் கொடுப்பது பல ஊர்களில் ஒரே கடை. எதை அடிக்கலாம் என்று ஆலோசனை சொல்வதும் அந்தக் கடைதான். கேட்டுக்கொண்டு வந்து மூன்று போத்தலை ஒரே டேங்கில் கலக்கிறார்கள். அடித்துவிட்டால் அன்றிரவு தூக்கம் வரும்.

ஆனால் கோவாவைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு லேசுப்பட்டதல்ல. டி.டி.டி. மருந்துக்கே 1950களின் தொடக்கத்தில் ஜாவாவில் பழகிக்கொண்ட இனம் அது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சாகாமல் தப்பியவை மட்டுமே முட்டையிட்டுப் பெருகும். கூடவே அதைக் கொல்லும் குளவிகளும் செத்துப்போகும். அப்புறம் வியாழனோடு திங்களும் சேர்ந்துகொள்ளும்.

பார்த்து அடிக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். "அப்ப யாரு தம்பி பார்க்கிறது?" என்றார். நியாயமான கேள்வி. மருந்தடிக்கிறவருக்கு யோசிக்காமல் கூலி கொடுப்போம். பாத்தி பாத்தியாகக் குனிந்து இலையைத் திருப்பிப் பார்க்கிறவருக்குக் கொடுக்க மனசு வராது.

கடைசியில் அந்த வேலைக்கு வந்தது, பக்கத்துத் தோட்டத்தில் பல வருஷம் கொழுந்து பறித்த ஓர் அக்கா. கைவேகத்தில் கொழுந்தையும் முற்றிய கரட்டு இலையையும் பிரித்தெடுத்த கண் அது. விவசாயப் போதனாசிரியர் கொடுத்த படத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு அது தேவைப்படவில்லை. வரிசையைக் குறுக்காகக் கடந்து அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடியைப் பிடித்து, அடி இலையைத் திருப்புவார். பச்சைப் புழுவைத் தொட்டால் பின்பக்கமாகத் துள்ளி நூலில் தொங்கும். தொங்கினால் அது நம்ம ஆள்தான்.

ஒருநாள் ஒரு கூட்டைக் காட்டினார். வழக்கமான கூடு வலைத்துணி மாதிரி, உள்ளே இருப்பது தெரியும். இது மூடிக்கிடந்தது. "இதுல வேற என்னமோ இருக்கு தம்பி." அதுபோல் சிலவற்றைச் சேர்த்து ஜாம் போத்தலில் போட்டுத் துணி கட்டி வைத்தோம். வெளியே வந்தவை கறுப்பு நிறத்தில் எறும்பை விடச் சிறிய குளவிகள். முதலாளி போத்தலை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். என் பேச்சு எதுவும் அவரிடம் அந்த வேலையைச் செய்ததில்லை.

அதன்பிறகு வியாழக்கிழமை ரத்து. தலை கட்டுவதற்கு முன் வெளியிலையில் ஓட்டை விழுந்தால் விட்டுவிடுவோம், எப்படியும் அறுவடையில் அந்த இலைகளைக் கழிக்கத்தானே போகிறோம். தலை கட்டத் தொடங்கியதும் கண்டிப்பு. புழுவை மட்டும் கொல்லும் பி.டி. பாக்டீரியா மருந்தை வெயில் தாழ்ந்த பிறகு அடிப்போம். ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, பூச்சி கூடும். அப்போது அந்தி நேரத்தில் ஸ்பிரிங்ளர் போட்டால் அந்துக்கள் இணைசேர்வதும் கெடும், குட்டிப் புழுக்களும் கழுவிப்போகும். வெட்டி முடித்த கோவாக் கட்டைகளை அன்றே பிடுங்கி மாட்டுக்குப் போடுவோம். விட்டால் துளிர்த்து அடுத்த போகத்துக்கான புழுவை வளர்க்கும்.

உருளைக்கிழங்கில் நான் இவ்வளவு தைரியமாகப் பேச மாட்டேன். பனிமூட்டமும் ஈரமும் சில நாள் தொடர்ந்தால் பின்வெளிறல் நோய் ஒரு வயலையே கருக்கிவிடும். வந்தபின் பார்த்து அடிக்கலாம் என்பது அங்கே செல்லாது. நல்ல விதைக்கிழங்கும் காற்றோடுகிற இடைவெளியும் உதவும், ஆனால் பூசணக்கொல்லியை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வராது.

2021 மே மாதத்தில் இரசாயன உரத்தோடு பீடைநாசினி இறக்குமதியையும் அரசாங்கம் ஒரேயடியாகத் தடுத்தது, நவம்பரில் அந்தத் தடையை நீக்கியது. இடையில் இருந்ததைச் சிலர் பதுக்கினார்கள், விவசாயிகள் கள்ள விலைக்கு வாங்கி அடித்தார்கள். மாற்று வழியைப் பழக யாருக்கும் அவகாசமில்லை. இன்றும் மருந்தைக் குறைப்பது பற்றி வாயெடுத்தால், "திரும்பவும் அந்தக் கதையா?" என்கிறார்கள். மாறாக 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறி, மருந்துப் போத்தலின் விலையும் கூடவே ஏறியதும், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தாங்களாகவே வந்து அக்காவைக் கேட்டார்கள்.

மருந்து குறைந்த கோவாவுக்குச் சந்தையில் ஒரு சதம் கூடுதலாகக் கிடைப்பதில்லை. எங்களுக்கு மிச்சம் மருந்துச் செலவில்தான். அதிலிருந்துதான் அக்காவின் கூலி போகிறது. செக்ரோலில் (அன்றாட வேலைப் பதிவேட்டில்) அந்த வேலைக்கு இன்னும் தனியிடம் இல்லாததால், களை பிடுங்கியதாக எழுதிக்கொண்டிருக்கிறோம்.