டிசம்பர் 2023, வேளச்சேரி

டிச 8
மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிஞ்சு, ராத்திரி கரண்ட் வந்துடுச்சு. தெருவெல்லாம் சேறு. மாசாமாசம் காசு போட்டு யாருக்காவது குடுக்கற எங்க க்ரூப்ல முதல் மெசேஜே "இந்த மாச 10,000 யாருக்கு?"

டிச 10
ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஒண்ணு இஸ்திரி அக்கா, இன்னொண்ணு கீழ் போர்ஷன்ல டியூஷன் எடுக்கற பொண்ணு, பசங்க புக்கு நோட்டு எல்லாம் ஊறிப்போச்சாம். பாதி பாதி குடுக்கலாமேன்னு கேட்டேன். ஆளுக்கு ஆயிரம், பத்து பேர், மொத்தமும் ஒருத்தருக்கு, பிரிச்சா ரெண்டு பேருக்குமே பத்தாதுன்னு மாமா சொல்லிட்டார். சரிதான். ஆனா தூக்கம் வரல.

டிச 11
ஃபார்ம் எழுதிக் குடுக்க அக்கா வீட்டுக்குப் போனேன். "இது சீட்டாப்பா, மாசம் எவ்ளோ கட்டணும்?"னு கேட்டாங்க. கட்டவே வேணாம்க்கான்னா நம்பல. இஸ்திரிப் பெட்டி வெள்ளத்துல போயிருக்கும்னு நெனச்சுப் போனேன், அது புளி போட்டுத் தேச்சு மூலையில பளபளன்னு இருக்கு. "பெட்டிக்கு இல்லப்பா. எட்டு வீட்டுத் துணி மூட்டையோட போச்சு, அதுல ஒரு கல்யாணப் பட்டு. நான் பதில் சொல்லணும்ல."

'எதற்காக'ன்னு ஒரு கட்டம் இருக்கு ஃபார்ம்ல. காலியாவே விட்டுட்டு வந்தேன்.

டிச 15
அரசாங்க வெள்ள நிவாரணம் 6000 ரூபாக்கு டோக்கன் குடுக்கறாங்க. அக்கா ரேஷன் கார்டு ஊர்ல, செஞ்சி பக்கம். அவங்களுக்கு டோக்கன் வரல. டியூஷன் பொண்ணு வீட்டுக்கு டோக்கன் வந்துடுச்சு.

டிச 16
மூணு மணி நேரம் பேசினோம். துணி குடுத்த வீட்டுக்காரங்களுக்கு நம்ம காசு எதுக்கு, பெட்டி வாங்கினாலாவது தொழில் நெலைக்கும், டியூஷனுக்குக் குடுத்தா முப்பது பசங்களுக்கு ஆகும்னு ஒவ்வொருத்தரா சொல்லச் சொல்ல எனக்கு அழுகையே வந்துடுச்சு. நாம இத ஆரம்பிச்சப்போ எதப் பாத்து ஆரம்பிச்சோம்? 2009ல பாஸ்டன்ல பத்து பேர் ஆளுக்கு நூறு டாலர் போட்டு ஆயிரம் டாலரா குடுத்தாங்களே, ஆசம் ஃபவுண்டேஷன், அவங்க திருப்பியும் கேக்கல பங்கும் கேக்கல, குடுத்தா குடுத்ததுதான். டிரஸ்ட் பதிவு, 80ஜி வரிச்சலுகை எதுவும் வேணாம்னு நாமளே சொன்னதும் அதுக்குத்தானே. அக்காவுக்குத் தொழில்ங்கறது பெட்டி இல்ல, அந்த எட்டு வீடு அவங்கள நம்பறதுதான்னு சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் பேசல.

ஆறுக்கு நாலு. அக்காவுக்கு.

டிச 17
காலைல குடுத்தோம். ரெண்டு கையாலயும் வாங்கினாங்க, எண்ணல. நேரா பட்டுக்காரங்க வீட்டுக்குப் போனாங்களாம்.

பொண்ணுகிட்ட இன்னும் சொல்லல. மூணு தடவ நம்பர எடுத்து மூணு தடவயும் வெச்சுட்டேன்.

டிச 18
காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. மழை. தாமிரபரணி பொங்கி ஓடுது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஜனங்களோட நிக்குது. நம்ம பத்து பேர்ல ஒருத்தருக்கு அதான் ஊர், அம்மா தனியா இருக்காங்க.

டிச 19
ஜனவரிப் பணத்த இப்பவே எடுத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பலாம்ங்கறாங்க. பொண்ணுக்கு ஜனவரின்னு மனசுக்குள்ள வெச்சிருந்தேன். அம்மா ஊர்ல தனியா இருக்கற அந்த சார் க்ரூப்ல வாயே தொறக்கல. பத்து மணிக்கு வீட்டுக்கே போய்ப் பாத்தேன், வாசப்படில போன காதுல வெச்சபடி உக்காந்திருந்தார், ஊருக்கு லைன் கெடைக்கல.