பக்கத்து ரிசர்வுக்குக் குடிநீர்: எங்கள் ஒப்பந்தம் உருவான விதம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில் ஒரு சின்ன நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊர் எல்லையை ஒட்டி அனிஷினாபே என்ற பூர்வகுடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம், அதாவது ரிசர்வ், இருக்கிறது. எங்கள் குழாயை அங்கே வரை நீட்டி, கட்டணத்துக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு இரண்டு தரப்பும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம். குழாய் பதிக்கப் பிடித்ததைவிட ஒப்பந்தம் எழுதத்தான் நாள் அதிகம் பிடித்தது. இதே வேலையில் இறங்கப்போகிற நகராட்சிக்காரர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

முதல் கூட்டத்துக்கு வரைவோடு போக வேண்டாம் என்று எங்கள் மேலாளர் உறுதியாகச் சொல்லிவிட்டார். கனடா நகராட்சிகளின் கூட்டமைப்பும் கேண்டோ என்ற பூர்வகுடி அமைப்பும் சேர்ந்து 2013 முதல் நடத்திய திட்டத்தின் கையேட்டை அவர் கரைத்துக் குடித்தவர். முதலில் இரண்டு மன்றங்களும் பழக வேண்டும், காகிதம் அப்புறம் என்பது அவர் கட்சி. ரிசர்வ் மக்களுடைய சமுதாயக் கூடத்திலேயே கூடினோம். எங்கள் மேயர் அங்கிருந்த மூத்தவர் ஒருவரிடம் அவர்கள் மரபுப்படி புகையிலை கொடுத்து, கூட்டத்தைத் தொடங்கிவைக்கும்படி கேட்டுக்கொண்டார். அன்று குழாயைப் பற்றிப் பேச்சே எழவில்லை. ஷோல் லேக் என்ற ஏரியைப் பற்றித்தான் பேசினார்கள். வின்னிபெக் நகரம் 1919 முதல் அந்த ஏரித் தண்ணீரைக் குடிக்கிறது. அதற்காக வெட்டிய கால்வாயால் 'ஷோல் லேக் 40' என்ற பெயருள்ள பூர்வகுடிச் சமூகத்தின் ஊர் தீவாகிப்போனது. நகரத்துக்கே தண்ணீர் கொடுத்த அந்த மக்கள் 1997 முதல் 2021 வரை தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடித்தார்கள். வெளியே போக நிரந்தரச் சாலை 2019-இல்தான் வந்தது. இதையெல்லாம் தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்து, "எந்தச் சூழ்நிலையில் எங்களுக்குத் தண்ணீரை நிறுத்துவீர்கள்?" என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்விதான் ஒப்பந்தத்தின் கடினமான பகுதியும். ஊருக்குள் ஒருவர் தண்ணீர்க் கட்டணம் பாக்கி வைத்தால் அதைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலித்துவிடலாம். ரிசர்வ் நிலத்தில் நகராட்சிக்கு வரி போடும் உரிமை கிடையாது. பூர்வகுடிகள் தொடர்பான கனடாவின் 'இந்தியன் சட்டம்' 89-ஆம் பிரிவுப்படி அங்குள்ள அவர்களுடைய சொத்தை நாம் ஜப்தி செய்யவும் முடியாது. எங்கள் வழக்கறிஞர், பணம் வராவிட்டால் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று ஒரு வரி எழுதிவந்தார். ரிசர்வ் மக்களின் தலைவரான சீஃப் அதைப் படித்துவிட்டு, அமைதியாக, "இதில் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம்" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. குழந்தைகள் குடிக்கும் தண்ணீரைப் பணயம் வைக்கக் கூடாது. கடைசியில் முதலில் இரு தரப்பு அதிகாரிகள் பேசுவது, அப்புறம் மேயரும் சீஃபும், அதற்கும் மேல் பொது நடுவர் என்று படிப்படியாக எழுதினோம். மூன்று மாதக் கட்டணத்தை முன்பணமாக வைக்க அவர்களே முன்வந்தார்கள்.

அடுத்தது தரப் பரிசோதனை. 2000-இல் வாக்கர்டனில் அசுத்தக் குடிநீரால் 7 பேர் இறந்த பிறகு, ஒன்டாரியோ 2002-இல் கடுமையான குடிநீர்ச் சட்டம் கொண்டுவந்தது. மாகாணத்தின் அந்தச் சட்டம் ரிசர்வுக்குள் செல்லாது. எனவே எல்லையில் மீட்டர் இருக்கும் அறையின் வால்வுதான் பிரிகோடு. அதுவரை நாங்கள் பொறுப்பு, அதற்கப்பால் அவர்கள். நீண்ட குழாயின் கடைக்கோடியில் தண்ணீர் தேங்கினால் குளோரின் குறைந்துகொண்டே போகும். அதனால் அவர்களுடைய ஆபரேட்டரும் நானும் ஒரே நாளில் மாதிரி எடுத்து, முடிவுகளைப் பகிர்ந்துகொள்கிறோம். குளோரின் அளவு குறைந்தால் அவர் தன் முனையில் ஹைட்ரண்டை (தெருவோரத் தீயணைப்புக் குழாயை) திறந்து பழைய தண்ணீரை வெளியேற்றுகிறார். அந்தத் தண்ணீருக்கு யார் பணம் கட்டுவது என்பதைக்கூட எழுதிவைத்திருக்கிறோம். அதை விட்டுவிடாதீர்கள்.

தேர்தல் நாட்களையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோ நகராட்சித் தேர்தல் 4 ஆண்டுக்கு ஒருமுறை. இந்தியன் சட்டப்படி தேர்தல் நடத்தும் பேண்ட் கவுன்சிலுக்கோ (பூர்வகுடிச் சமூகத்தின் மன்றத்துக்கோ) 2 ஆண்டுக்கு ஒருமுறை. எங்கள் பேச்சுவார்த்தையின் நடுவில் அங்கே கவுன்சில் மாறியது. ஒவ்வொரு கூட்டத்தின் குறிப்பையும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வைத்திருந்ததால், புதியவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர முடிந்தது. பிறகு அவர்கள் பக்கம் தீர்மானம், எங்கள் பக்கம் பைலா என்ற நகராட்சிச் சட்டம், இரண்டும் நிறைவேறின.

இப்போது அங்கே புது வீடுகள் கட்டப்போகிறார்கள். எங்கள் நீரேற்று நிலையம் தாங்குமா என்று இரு தரப்புப் பொறியாளர்களும் சேர்ந்து கணக்குப் பார்த்துவருகிறோம்.