வலித்திருக்குமா, சிஸ்டர்?

குழாய்களையெல்லாம் எடுத்து, குழந்தையின் உடலைத் துடைத்து, துணியில் சுற்றிக் கையில் கொடுத்த பிறகுதான் அந்தத் தாய் கேட்டார்: "வலித்திருக்குமா, சிஸ்டர்?"

"வலிக்கவில்லை அம்மா. தூக்கத்திலேயேதான் போனான்" என்றேன்.

யோசிக்காமல் வந்த பதில்தான். ஆனால் ஆதாரம் இல்லாமல் வந்ததன்று. அவன் கர்ப்பத்தின் 27ஆவது வாரத்திலேயே பிறந்தவன். கடைசி இரவு முழுக்க மார்ஃபின் என்ற வலி மருந்து ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு வலி மதிப்பெண் போட்டதும் நான்தான். வென்டிலேட்டர் குழாய் தொண்டையில் இருக்கும்போது குழந்தை அழுதாலும் சத்தம் வராது. அதனால் முகத்தைப் படிக்கிறோம்: புருவம் புடைக்கிறதா, கண்ணை இறுக்குகிறானா, மூக்கோரத்து மடிப்பு ஆழமாகிறதா. கூடவே இதயத் துடிப்பும் ஆக்சிஜன் அளவும். அந்த இரவில் அவன் நெற்றி சுருங்கவேயில்லை.

ஆனால் மார்ஃபின் வலியை மட்டும்தான் அடக்கியதா, வலியைக் காட்டும் முகத்தையும் சேர்த்து அடக்கியதா?

தவிர, அவர் கடைசி இரவைப் பற்றி மட்டும்தான் கேட்டார் என்று நானாக எப்படி முடிவு செய்தேன்? அதற்கு முந்தைய நாட்களில் அந்தக் குதிகாலில் எத்தனை முறை குத்தி ரத்தம் எடுத்தோம்! என் கட்டைவிரல் நீளம்தான் அந்தப் பாதம். குத்துவதற்கு முன் நாக்கில் சர்க்கரைக் கரைசல் சொட்டு விடுவோம். அது வலியைக் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்கிவிடாது. பச்சிளம் குழந்தைக்கு வலி தெரியாது என்று நம்பி, 1980கள் வரை போதிய வலி மருந்து கொடுக்காமலே அறுவை சிகிச்சை செய்த மருத்துவர்கள் பலர் இருந்தார்கள். 1987இல் கே.ஜே.எஸ். ஆனந்தும் அவருடைய சக மருத்துவர்களும் வெளியிட்ட ஆய்வுகள்தான் அந்த நம்பிக்கையை அசைத்தன. இதையெல்லாம் படித்தவள் அவ்வளவு சுலபமாக "வலிக்கவில்லை" என்று சொல்லலாமா? சில நாள் கூடாது என்று தோன்றுகிறது. சில நாள், அந்த நேரத்தில் குதிகாலைப் பற்றிப் பேசுவது என்ன நேர்மை என்று தோன்றுகிறது.

இதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. அவர் குழந்தையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, "அப்படியானால் நான் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்காது" என்றார்.

வலியைத் துடைக்கப்போய் அவர் குரலையும் சேர்த்துத் துடைத்திருந்தது என் பதில். "கேட்டிருக்கும் அம்மா. உங்கள் குரல் அவனுக்கு வயிற்றிலேயே பழக்கம்" என்றேன். அந்த மாதத்தில் பிறக்கும் குழந்தைகள் ஒலிக்கு அசைகிறார்கள். இவர் வந்து பேசும்போது மானிட்டரில் இவனுடைய துடிப்பு நிதானப்பட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அது மார்ஃபின் கொடுப்பதற்கு முன்பு. வலி எட்டாத அளவுக்கு ஆழ்ந்த தூக்கம், அம்மாவின் குரல் எட்டும் அளவுக்கு விழிப்பு: இரண்டையும் ஒரே மூச்சில் அவருக்குக் கொடுத்தேன். அவர் இரண்டையும் வாங்கிக்கொண்டார். முரண்பாடு தெரியாமல் வாங்கியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

"வலி தெரியாமல் இருக்க மருந்து கொடுத்திருந்தோம் என்று சொல்லியிருந்தால் போதும்" என்றார் மூத்த மருத்துவர். நாம் செய்ததைச் சொல்ல வேண்டும், குழந்தை உணர்ந்ததைச் சொல்ல நமக்கு வழியில்லை என்பது அவர் வாதம். சரியான வாதம். அதன் பிறகு பல பெற்றோரிடம் அப்படித்தான் சொல்லி வருகிறேன். சொல்லும்போதெல்லாம், அவர்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்க, நான் எங்களைப் பற்றிப் பதில் சொல்வதுபோல் இருக்கிறது.

புதிதாகப் பணிக்கு வரும் பெண்களுக்கும் அதையே கற்றுக்கொடுக்கிறேன். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு அருகில் உட்காருங்கள் என்பேன். அவர்களில் ஒருத்தி, "நான் கூப்பிட்டது கேட்டிருக்குமா என்று கேட்டால், அக்கா?" என்றாள்.

"கேட்டிருக்கும் என்று சொல்" என்றேன். அதற்கு மட்டும் ஏன் வேறு விதி என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.