‘நெகட்டிவ் ஏரியா’விலிருந்து ஒரு மெயில்

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனம். பள்ளிக்கூடங்கள், சபாக்கள், முன்னாள் மாணவர் சங்கங்கள், ஒன்றிரண்டு சிறுபத்திரிகைகள் என்று பலருக்காக மெயிலில் செய்திமடல் அனுப்பிக் கொடுப்பது எங்கள் தொழில். எழுதுவது அவர்கள், வடிவமைத்து அனுப்புவது நாங்கள். அதில் டெலிவரபிலிட்டி, அதாவது அனுப்பிய மெயில் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பிரிவு, என்னுடையது. “மெயில் வரலையாம்” என்று யார் போன் செய்தாலும் என் மேசைக்குத் திருப்பிவிடுவார்கள்.

நவம்பர் முடிந்தால் அந்தப் போன் ஓயாது. டிசம்பர் சீசனுக்காக எல்லா சபாவும் ஒரே நேரத்தில் நிகழ்ச்சி நிரலை அனுப்பும். அப்படி ஒரு வருடம் மயிலாப்பூர் பக்கத்துச் சபா ஒன்றின் செயலாளர் கூப்பிட்டார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், கோபத்திலும் குரல் உயராது. “ஏம்மா, பாதிப் பேருக்கு ப்ரோகிராம் லிஸ்டே போகலையாமே. ஸ்பேம்னு திருப்பி அனுப்பியிருக்கான். நாங்க என்ன வயாகராவா விக்கறோம்? கச்சேரிதானேம்மா!”

இதே கேள்வியைப் பள்ளி முதல்வர் கேட்டிருக்கிறார், கண் மருத்துவமனைக்காரர் கேட்டிருக்கிறார். நல்ல விஷயத்தை அனுப்பினால் அது எப்படி ஸ்பேம் ஆகும்? நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் விஷயம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பது, ஸ்பேம் அனுப்பும் சர்வர்களின் பட்டியலான பிளாக்லிஸ்ட்டின் வேலையே இல்லை.

மெயில் வாங்கும் சர்வர் என்ன செய்கிறது? வந்து நிற்கும் சர்வரின் ஐபி எண்ணை, அதாவது அதன் இணைய முகவரியை எடுத்து, அதன் நான்கு பகுதிகளையும் கடைசியிலிருந்து திருப்பிப் போட்டு, பிளாக்லிஸ்ட் நடத்துபவரின் டொமைன் பெயரோடு ஒட்டி, இணையப் பெயர்களுக்கு எண் சொல்லும் டிஎன்எஸ்ஸில் விசாரிக்கிறது. 192.0.2.45 என்றால் 45.2.0.192 என்று கேட்கும். அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் உள்ளே விடும். 127.0.0.2 போல ஒரு பதில் வந்தால் அந்த ஐபி பட்டியலில் இருக்கிறது. 550 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். உள்ளே இருப்பது கச்சேரியா லாட்டரியா என்று அந்தக் கட்டத்தில் யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இந்தத் துறையில் பெரிய பெயர், 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் தொடங்கிய ஸ்பாம்ஹாஸ். கேட்காதவர்களுக்கு, மொத்தமாக அனுப்பியிருந்தால் அது ஸ்பேம் என்பது அவர்கள் வரையறை. ராகமும் தாளமும் அதில் சேர்த்தி இல்லை.

இதைச் செயலாளரிடம் சொன்னதும் அடுத்த கேள்வி தயாராக இருந்தது: “எங்க மெம்பர்ஸுக்குத்தானே அனுப்பினோம்?”

உண்மைதான். சிக்கல் வேறு இடத்தில். சபாவின் மெயில் கிளம்பிய ஐபி, சபாவுக்கு மட்டும் உரியதல்ல. தனி ஐபி எடுத்தால் அதிலிருந்து சீராக அனுப்பிக்கொண்டே இருந்து நல்ல பெயர் சம்பாதிக்க வேண்டும். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் சுறுசுறுப்பாக இருக்கிற சபாவுக்கு அது சரிப்படாது. அதனால் சிறிய வாடிக்கையாளர்கள் பலரை ஒரே ஐபியில் வைப்பது இத்தொழிலின் வழக்கம். அதே ஐபியில் திருப்போரூர் பக்கம் மனை விற்கும் புரமோட்டர் ஒருவரும் இருந்தார். “எல்லாம் நம்ம கஸ்டமர் டேட்டா மேடம்” என்று சொல்லி அவர் ஏற்றிய பட்டியல், எங்கேயோ விலைக்கு வாங்கியது. அவர் அனுப்பினார், அந்த ஐபி பிளாக்லிஸ்ட்டில் ஏறியது, சபாவும் ஒரு பள்ளியும் சேர்ந்து மாட்டிக்கொண்டன.

ஒரு காலத்தில் கிரெடிட் கார்டுக்கு விண்ணப்பித்தால், வியாசர்பாடி என்ற முகவரியைப் பார்த்ததுமே ‘நெகட்டிவ் ஏரியா’ என்று ஒதுக்கிவிடுவார்கள் என வடசென்னை நண்பர்கள் சொல்வதுண்டு. ஆள் யார், சம்பளம் என்ன என்பதெல்லாம் அப்புறம். ஐபி பிளாக்லிஸ்ட்டும் தெருவைப் பார்த்து ஆளை எடைபோடுகிற ஏற்பாடுதான். சில பட்டியல்கள் இன்னும் மேலே போய், ஒரு நெட்வொர்க்கின் ஐபிகளை ஒட்டுமொத்தமாகவே சேர்த்துவிடும்.

அநியாயம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பட்டியல் நடத்துபவர்கள் மேல் முழுக் கோபம் வருவதில்லை. அந்த மனைக்காரரைப் பற்றி நான் முன்பே எச்சரித்திருந்தேன். மாதா மாதம் ஒழுங்காகப் பணம் கட்டுபவர் என்று சேல்ஸ்காரர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். ஐபி பட்டியலில் ஏறிய அன்று மதியமே அவர் கணக்கு மூடப்பட்டது. பக்கத்தில் இருப்பவர்களுக்கு வலித்தால்தான் எங்களைப் போன்ற நிறுவனங்கள் அசையும் என்பது பட்டியல்காரர்களின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று எப்படிச் சொல்வது?

சபாவின் முகவரிப் பட்டியலும் அப்பழுக்கற்றதல்ல. அரங்க வாசலில் ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். வருகிறவர்கள் பெயரும் மெயில் முகவரியும் எழுதிவிட்டுப் போவார்கள். சீசன் முடிந்ததும் கல்லூரிப் பையன் யாராவது உட்கார்ந்து கையெழுத்தை ஊகித்து அதைத் தட்டச்சு செய்வான். ஜிமெயிலில் ஒரு எழுத்து இடம் மாறும், யாஹூவில் ஒரு ஓ குறையும். அப்படித் தப்பாக எழுதிய டொமைன்கள் சில, ஸ்பேம் பொறிகளாக வைக்கப்பட்டவை. அங்கே மெயில் போனால், கேட்காதவருக்கு அனுப்பினோம் என்று பதிவாகிவிடும். இன்னொரு வகைப் பொறி, என்றோ கைவிடப்பட்ட முகவரிகள். பல மாதம் “அப்படி யாரும் இல்லை” என்று திருப்பி அனுப்பி, அதற்கும் அடங்காமல் அனுப்புகிறவர்களைப் பிடிக்கப் பிறகு பொறியாகத் திறப்பார்கள். மூட மனசில்லாத பழைய பட்டியல்கள் அங்கேதான் சிக்கும்.

எங்கள் முதலாளி பிளாக்லிஸ்ட்காரர்களுக்கு வக்கீல் நோட்டீஸ் விடலாம் என்றார். அவருக்கு ஒரு வழக்கைச் சொன்னேன். இ360 என்ற அமெரிக்க நிறுவனம் ஸ்பாம்ஹாஸ் மேல் இலினாய் மாநிலத்தில் வழக்குப் போட்டு, 2006இல் 1 கோடியே 17 லட்சம் டாலர் இழப்பீடு என்று தீர்ப்பும் வாங்கியது. மேல்முறையீடுகள் நடந்து 2011இல் அந்தத் தொகை 3 டாலராக முடிந்தது. நோட்டீஸ் பேச்சு அதோடு நின்றது.

பெயரை நீக்கச் சொல்லி எழுதுவது தனிக் கலை. “நாங்கள் நல்லவர்கள், பல வருடமாகத் தொழில் செய்கிறோம்” என்றால் பதிலே வராது. யாரால் நேர்ந்தது, அவரை என்ன செய்தோம், இனி எப்படித் தடுப்போம் என்று நாலு வரி எழுதினால் மனிதர் யாராவது படிக்கிறார். சீக்கிரம் நீக்கப் பணம் கேட்கும் பட்டியல்களும் உண்டு. அவற்றுக்கு நான் எழுதுவதே இல்லை. பெரிய மெயில் சேவைகள் அவற்றைச் சட்டை செய்வதாகவும் தெரியவில்லை.

சில நேரம் பட்டியலிலேயே இல்லாமல் அடிபடுவோம். அம்பத்தூர் தொழிற்சாலை ஒன்றின் சர்வர் எங்கள் மெயிலை ஸ்பாம்ஹாஸ் பெயரைச் சொல்லித் திருப்பியது. ஸ்பாம்ஹாஸ் தளத்தில் போய்ப் பார்த்தால் எங்கள் ஐபி சுத்தமாக இருந்தது. தொழிற்சாலை சர்வர், கூகுளின் 8.8.8.8 வழியாகக் கேள்வி அனுப்பிக்கொண்டிருந்தது. அப்படிப் பொது டிஎன்எஸ் வழியாக வந்தால் ஸ்பாம்ஹாஸ் 127.255.255.254 என்று பதில் தரும். “இப்படிக் கேட்காதே” என்பது அதன் அர்த்தம். அந்த சர்வருக்கோ 127 என்று தொடங்கினாலே குற்றவாளி. அங்கிருந்த ஐடி தம்பியைப் பிடித்து விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றியது. இன்னொரு உதாரணம்: 2006 டிசம்பரில் மூடப்பட்ட ஓஆர்டிபி என்ற பிளாக்லிஸ்ட்டைப் பலர் தங்கள் சர்வரிலிருந்து எடுக்கவே இல்லை. 2008 மார்ச்சில் அது கேட்ட ஐபிக்கெல்லாம் “பட்டியலில் உண்டு” என்று சொல்ல ஆரம்பித்தது. அதன் பிறகே பலருக்கு நினைவு வந்தது.

இவ்வளவும் பழகியவளுக்கு இப்போது பயம் வேறு. பொதுப் பட்டியலாவது முகத்துக்கு நேரே திட்டிவிட்டுக் கதவைச் சாத்தும். எண் வரும், பட்டியலின் பெயர் வரும், முறையிட வழி இருக்கும். எங்கள் வாடிக்கையாளர்களின் முகவரிகளில் பெரும்பகுதி ஜிமெயில். அங்கே மெயிலை மரியாதையாக வாங்கிக்கொள்வார்கள். இன்பாக்ஸுக்குப் போனதா, ஸ்பேம் பெட்டிக்குப் போனதா என்று அனுப்பியவருக்கு மூச்சு விடமாட்டார்கள். அனுப்புகிறவர் தன் நிலையைப் பார்த்துக்கொள்ள போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்று ஒன்று தருகிறார்கள்; சபா அனுப்புகிற அளவுக்கு அதில் காட்ட ஒன்றும் இருக்காது. ரசிகருக்கோ மெயில் வரவில்லை என்பதே தெரியாது. இந்த வருடம் சபா நம்மை மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5000க்கு மேல் அனுப்புகிறவர்கள் மெயில் உண்மையிலேயே தங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், விளம்பர மெயில்களிலிருந்து ஒரே சொடுக்கில் விலக வழி தர வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர். படித்து முடித்த மெயிலையெல்லாம் ஸ்பேம் பட்டனை அழுத்தியே அழிக்கிற மாமி ஒருவர் இருப்பதாகச் செயலாளரே ஒருமுறை சொன்னார். “அவாளுக்கு அது குப்பைத்தொட்டிம்மா” என்றார்.

சரி, நோட்டு போய் இப்போது வாசலில் கியூஆர் அட்டை வைத்திருக்கிறார்கள். பதிவு செய்தவர், தன் மெயிலுக்கு வரும் சுட்டியை அழுத்தினால்தான் பட்டியலில் சேருவார். பட்டியல் பாதியாகச் சுருங்கியதில் செயலாளருக்கு இன்னும் வருத்தம்.

மனை புரமோட்டர் வேறு ஒரு நிறுவனத்துக்குப் போய்விட்டார். போன மாதம் அவருடைய மெயில் எனக்கே வந்தது, விலகும் சுட்டி வேலை செய்யவில்லை. அந்த ஐபியில் அவரோடு ஏதாவது பள்ளிக்கூடமோ சபாவோ குடியிருக்கும் என்று நன்றாகத் தெரியும். ஸ்பேம் பட்டனை அழுத்திவிட்டேன்.