முடி மாத்திரையும் என் டி.எஸ்.எச். எண்ணும்

தங்கை மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு ரிப்போர்ட் அனுப்பினாள். மூன்று பக்கம், நாலு இடத்தில் தடித்த எழுத்து. "பெரியம்மா, இதுல எதுக்கு நான் பயப்படணும்?" அவளுக்குத் தைராய்டு குறைவு என்று தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. நான் பதினோரு வருடமாக மாத்திரை போடுகிறேன். அவளிடம் ஃபோனில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லும் ஹார்மோன். அது தைராய்டில் சுரப்பதில்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் சுரக்கிறது. தைராய்டு மந்தமானால் பிட்யூட்டரி குரலை உயர்த்தும். அந்தக் குரலின் அளவுதான் ரிப்போர்ட்டில் வரும் எண். அதனால்தான் சுரப்பு குறைந்தவர்களுக்கு இந்த எண் ஏறுகிறது. பெரியவர்களுக்குப் பொதுவாக 0.4-லிருந்து 4.5 வரை சரி என்று போடுவார்கள்.

மூன்று வருடம் முன்னால் என் எண் 0.08 என்று வந்தது. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4-இன் அளவு (ஃப்ரீ டி4) மேல் வரம்பைத் தாண்டியிருந்தது. பார்த்தால் மாத்திரை அதிகமாகிவிட்ட மாதிரிதான் தெரியும். டாக்டர் 100-லிருந்து 75 மைக்ரோகிராமுக்குக் குறைத்தார். ஆனால் என் உடம்பு மருந்து போதவில்லை என்று சொன்னது. சித்திரை வெயிலில் ஸ்டாஃப் ரூம் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். கடைசிப் பீரியடில் போர்டில் கணக்கு எழுதக் கை தூக்க முடியவில்லை. சீப்பு நிறைய முடி.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் கொடுக்கப் போனபோது ஊசி போட்ட பெண்தான் கேட்டாள்: "டீச்சர், முடிக்கு ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பயோட்டின் என்ற பி வைட்டமின், தினம் 10 மில்லிகிராம். உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம்தான். கணக்கு டீச்சரான நான் அந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்ததில்லை: 300 மடங்குக்கு மேல்! பல லேப் இயந்திரங்கள் பயோட்டினையே பசை மாதிரி வைத்து ஹார்மோனைப் பிடிக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் நிறைய இருந்தால் பசை ஒட்டும் இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாக ஏறும். எல்லா இயந்திரமும் இப்படியில்லை, அதனால் இரண்டு லேபில் இரண்டு எண் வரலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் நிறுத்த வேண்டும். நான் ஒரு வாரம் நிறுத்திவிட்டுப் போனேன். டி.எஸ்.எச். 9.4. டாக்டர் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்.

அந்தத் தடவை அவர் மற்ற சத்துகளையும் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 12.1, பார்வைக்குச் சரி. உடம்பின் இரும்பு சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 9. இரும்பு சேமிப்பு காலியாகிக்கொண்டிருந்தும் ஹீமோகுளோபின் அதைக் காட்டவில்லை. பி12-ம் குறைவு, 168; நான் சைவம். வைட்டமின் டி-யும் குறைவு, 14. பல வருடமாக எல்லாச் சோர்வையும் தைராய்டு தலையில் போட்டிருந்தேன். முடி கொட்டியதற்கும் இரும்புக் குறைவு ஒரு காரணமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா மகள், "எனக்கு டி 35, உனக்கு 14-ஆ?" என்று பதறினாள். அங்கே அலகு நானோமோல், இங்கே நானோகிராம். 14-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 35. இரண்டு பேருக்கும் ஒரே குறைதான்.

இப்போது தைராய்டு மாத்திரை விடியற்காலை ஐந்து மணிக்கு, வெறும் தண்ணீரில். காபி ஆறுக்குப் பிறகு. இதில் அம்மாவோடு எனக்கு இன்னும் சண்டை உண்டு, எழுந்ததும் டம்ளரை நீட்டிவிடுவார். இரும்பு மாத்திரை பதினோரு மணி இடைவேளையில், ஒரு நெல்லிக்காயோடு. இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரையை உடம்பில் சேரவிடாது, நாலு மணி நேரமாவது தள்ளி இருக்க வேண்டும். 60,000 யூனிட் வைட்டமின் டி வாரம் ஒன்று, எட்டு வாரம், ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பின். அதைத் தினசரி மாத்திரை என்று நினைத்து விழுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம், உடம்பில் தேங்கி கால்சியம் ஏறிவிடும்.

ரத்தம் எப்போதும் காலை ஏழு மணிக்கு, அன்றைய மாத்திரைக்கு முன்னால் கொடுக்கிறேன். டி.எஸ்.எச். விடியலில் கூடுதலாகவும் மதியம் குறைவாகவும் இருக்கும், நேரம் மாறினால் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியாது. டோஸ் மாறினால் ஆறிலிருந்து எட்டு வாரம் காத்திருக்கிறேன். மருந்து பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். பதினைந்தாம் நாள் எண் எதையும் தீர்த்துச் சொல்லாது.

தங்கை மகளின் ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 0.1. போன தடவை 11. டோஸ் மாறவேயில்லை. முடிக்கு ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

"மாத்திரையெல்லாம் இல்ல பெரியம்மா. ஜெல்லி மிட்டாய் மாதிரி ஒண்ணு, தினம் ரெண்டு."

டப்பாவின் பின்பக்கத்தை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். முதல் வரியே பயோட்டின். டாக்டரிடம் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறாள். மிட்டாயை நிறுத்தியாயிற்று. வரும் திங்கட்கிழமை ஏழு மணிக்கு மறுபடி ரத்தம் கொடுக்கப் போகிறாள், இந்த முறை ஃபெரிட்டினும் பி12-ம் சேர்த்து.